மேனேஜரின் பங்கு

எங்கள் வீட்டில் பதின்மூன்று வருடமாக உப்பு என்பது தட்டில் போட்டுக்கொள்ளும் பொருள். பானையில் போட்டால் குற்றம். வெங்காயம், பூண்டு இரண்டுக்கும் வாசலைத் தாண்டவே அனுமதி இல்லை. புதிதாகச் சாப்பிட வருகிறவர்கள் ஏதோ விரதக் குடும்பம் போலிருக்கிறது என்று மரியாதையாக மென்று விழுங்கிவிட்டுப் போவார்கள். மறுபடி வர மாட்டார்கள். விஷயம் அவ்வளவு புனிதமானதல்ல. எங்களுக்கும் நாய்க்கும் ஒரே பானை. நாய்க்கு உப்பு ஆகாது, வெங்காயம் விஷம். அதற்குத் தனிப் பானை வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். நாயைத் தனிக்குடித்தனம் வைக்கச் சொன்னது போல அப்பா என்னைப் பார்த்தார்.

நாயின் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாது, எல்லோருக்கும் முன்னால் சாப்பிடும், யார் உள்ளே வந்தாலும் சந்தேகமாகப் பார்க்கும். அதனால் அப்பா வைத்த பெயர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் கம்பெனியில் நிஜ மேனேஜர் ஒருவர் உண்டு. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்களில் அப்பா வீட்டுக்கு வந்ததும் நாயை மடியில் இழுத்துப் போட்டு, "ஏன் மேனேஜர், மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்று விசாரிப்பார். அது வாலை ஆட்டும். அந்த விதத்தில் இரண்டு மேனேஜர்களில் இதுதான் பெருந்தன்மையானது.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சமையல் அப்பாவுடையது. நான்கு மணிக்கு வந்து அரிசியும் பூசணியும் கேரட்டும் வேகப்போட்டு, கோழியை ஆறவைத்து உட்கார்ந்துவிடுவார். எலும்பிலிருந்து கறியை நூல் நூலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பார். லிஃப்ட் கேபிளில் எங்காவது பிரி விட்டிருக்கிறதா என்று பார்க்கும் அதே முகம். எனக்கு மீனில் முள் சிக்கினால் மட்டும், பார்த்துத் தின்ன வயசாகவில்லையா என்பார்.

வருடக் கடைசி விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேனேஜர் செத்துப்போனது. நோய் ஒன்றும் இல்லை, வயதுதான். மத்தியானம் கதவோரம் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அப்பாவும் நானும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். அப்பா கையைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்பைப் பற்றவைத்தார். அதே பானை, அதே உப்பில்லாத சோறு. எலும்பு எடுத்தார். மேனேஜரின் பங்கைத் தனியே எடுத்து ஜன்னலோரம் ஆறவைத்தார். அது ஆறியது. கேட்பாரில்லை. டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அழுதிருந்தால்கூட எங்களுக்கு வழி தெரிந்திருக்கும். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். காய்கறிக்காரர், டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர், கம்பெனி மேனேஜர், நான் என்று ஒரு நாளைக்கு நான்கு பேரோடு சண்டை போட்டால்தான் சோறு செரிக்கும் மனிதர் அவர். இப்போது எதைக் கேட்டாலும் 'ம்'. காலேஜ் பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டதென்று தக்க சமயம் பார்த்துச் சொன்னேன். அதற்கும் 'ம்'. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பத்து நாளில் பத்து டப்பா. பால் வைக்க இடமில்லை. அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ போய் அப்பாவிடம் சொல் என்றாள். நீதானே நர்ஸ், கஷ்டமான செய்தியைப் பக்குவமாகச் சொல்வதற்கு உனக்குத்தானே சம்பளம் தருகிறார்கள் என்றேன். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்குக் கரண்டி பறக்கும். அம்மா ஃப்ரிட்ஜை மூடிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"பேச்சு நின்னுபோச்சு. இப்போதைக்கு அந்த மனுஷன்கிட்ட மிச்சம் இருக்கறது இந்தச் சமையல் ஒண்ணுதான்டா. இதையும் நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்றது?"

ஆகவே யாரும் சொல்லவில்லை. பழைய டப்பாக்களை அம்மா வேலைக்குப் போகும்போது பையில் எடுத்துப்போய், உரிய மரியாதையோடு குப்பையில் சேர்த்தாள். ஆனால் தினமும் ஒன்று புதிதாக வந்துகொண்டே இருந்தது.

கீழ்வீட்டு டைலரம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தனியாள். கடையும் வீடும் ஒரே அறை. ஒவ்வொரு வருடமும் கடைசி விடுமுறைக்கு, வெட்டி மிஞ்சிய துணிகளில் முக்கோணக் கொடிகள் தைத்துக் கயிற்றில் கோத்து, எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக் கைப்பிடி நெடுகக் கட்டிவிடுவார். மேனேஜர் ஒவ்வொரு வருடமும் அதை நார் நாராகக் கிழித்துவிடும். நான்கு வருடத்துக்கு முன்னால் டைலரம்மா கிழிந்த கொடியைச் சாட்சியாகக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். நாய் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஏன் கட்டுகிறீர்கள் என்று அப்பா கேட்டார். மாடிப்படிக் கைப்பிடி வேறு எந்த உயரத்தில் இருக்கும் என்று அவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேனேஜருக்கு அவர் வைத்த பெயர் 'களவாணி'.

அந்த டைலரம்மா ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, அம்மாவின் வார்டில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வந்திருந்தார். உப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தானே உப்பில்லாமல் சமைத்து, தானே வாயில் வைக்க முடியாமல் பாதியில் கொட்டிவிடுகிறாராம். அம்மா இதை வருத்தமாகச் சொன்னாள். என் மூளையும் ஷிஃப்ட் முறையில்தான் வேலை செய்யும். இரண்டு நாள் கழித்துத்தான் டப்பாவையும் டைலரம்மாவையும் சேர்த்து யோசித்தது.

அன்றைய டப்பாவைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்பா கொடுத்தனுப்பினார் என்றேன். டைலரம்மா டப்பாவைத் தூரத்தில் வைத்தே பார்த்தார்.

"உங்கப்பாவா? எனக்கா? நீ மொதல்ல ஒரு வாய் தின்னு காட்டு, காலேஜு."

தின்று காட்டினேன். உப்பு இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டு அவரும் ஒரு வாய் வைத்தார். அப்புறம் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்து, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவது போல வேகமாகச் சாப்பிட்டார். மறுநாள் டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

இப்படியாக நான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டேன். தான் தின்பது செத்துப்போன நாயின் பங்கு, அதுவும் அந்தக் களவாணியின் பங்கு என்று டைலரம்மாவுக்குத் தெரிந்தால், ரோஷக்காரர், டப்பா என் மண்டையில்தான் வந்து விழும். அது பரவாயில்லை. மேனேஜரின் பங்கு மேனேஜரின் பகையாளி வயிற்றுக்குப் போகிறதென்று அப்பாவுக்குத் தெரிந்து, அவர் அடுப்பை அணைத்துவிட்டால்? அதற்கப்புறம் அந்த வீட்டில் 'ம்' மட்டும்தான் இருக்கும்.

நான்காம் நாள் பூசணியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஐந்தாம் நாள், உங்கப்பாவுக்குக் காது கேட்காதா என்று கேட்டார். அன்றைக்கே அம்மாவும் கண்டுபிடித்துவிட்டாள். டைலரம்மாவின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கப் போனவள் எங்கள் டப்பாவை அங்கே பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது, ஆனால் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

விடுமுறைக்கு முந்தைய நாள் சாயங்காலம். மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறிவரும் சத்தம். அந்த மூச்சு எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கதவைத் தாழ் போடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அப்பா திறந்துவிட்டார். வாசலில் டைலரம்மா. தோளில் கொடிக்கயிறு, கையில் கழுவிய டப்பா இரண்டு.

"நன்றிகூடச் சொல்லாம எத்தனை நாளைக்குத்தான் சாப்பிடுறதுண்ணே. ஒரு வாரமா எனக்காக உப்பில்லாமப் பண்ணிக் குடுத்தனுப்புறீங்க."

அப்பா டப்பாக்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது போன மாதத்துத் தாள். அம்மா சமையலறையிலிருந்து தண்ணீரோடு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வயதைக் குறைத்துச் சொல்லி எனக்கு எத்தனை அரை டிக்கெட் வாங்கியிருக்கிறார். ஆனால் அப்பா டப்பாக்களைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்களுக்குன்னு பண்ணலம்மா. அது மேனேஜரோட பங்கு" என்றார்.

நான் காலண்டரில் விடுமுறை நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே," என்றார் டைலரம்மா. "மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. மனுஷனுக்குச் சமைக்கிறவன் எவன் இப்படி உக்காந்து எலும்பு எடுக்கறான்? எத்தனையோ பேர் கையால சாப்பிட்டிருக்கேன். எனக்குன்னு ஒரு முள்ளுகூட யாரும் எடுத்துப் போட்டதில்ல."

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"பசிச்சுது. நல்லாவும் இருந்துது. அந்தப் பூசணி தவிர."

"பூசணி அவனுக்கு உசுரு."

"அவனுக்கு உசுரு, எனக்கு வாயு."

மூன்று வாரத்தில் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். டைலரம்மா உட்கார்ந்து, கொடிக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, கீழே கைப்பிடியில் இதைக் கட்டி இரண்டு நாளாகிறது என்றார். காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கிறாராம். ஒன்றுகூடக் கிழியவில்லையாம். "முழுசா தொங்குறதப் பார்க்கவே பிடிக்கலண்ணே. அவுத்துட்டேன். நீங்களே எங்கயாவது கட்டுங்க, இல்ல தூக்கிப் போடுங்க."

அப்பா கயிற்றை வாங்கி ஒரு கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏணி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எங்கள் மாடியின் கைப்பிடிக் கம்பிகளில், முழங்கால் உயரத்தில், மேனேஜர் வாய்க்குச் சரியாக எட்டுகிற இடத்தில் குனிந்து கட்ட ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக் போட்ட முடிச்சு. அந்தக் கொடியில் நான்கு பேர் தொங்கினாலும் தாங்கும். டைலரம்மா நாற்காலியில் இருந்தபடியே இடது பக்கம் தொய்கிறது, நீலத்தை முன்னால் கொண்டு வாருங்கள் என்று வேலை வாங்கினார். அப்பா மறுபேச்சு இல்லாமல் அவிழ்த்துக் கட்டினார். அம்மா கையிலிருந்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வேறு கொண்டுவரப் போனாள்.

இறங்கும்போது டைலரம்மா மூன்றாம் படியில் நின்று, "நாளைலேர்ந்து ரெண்டு வெங்காயம் போடுங்கண்ணே. உப்புதான் இல்ல, வெங்காயமாவது இருந்தா நாக்குக்குப் பொழுது போகும்" என்றார்.

"இந்த வீட்ல வெங்காயம் ஆகாதும்மா."

"யாருக்கு?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அப்பா கடைசி முடிச்சை இறுக்கினார். ஏற்கெனவே இறுகியிருந்ததை மறுபடியும் இறுக்கினார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"பார்க்கிறேன்," என்றார் அப்பா.

மறுநாள் விடுமுறை. காலையில் பையை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு கிலோ வெங்காயத்தோடு வந்தார். அழுகலைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று காய்கறிக்காரரைப் பற்றி அம்மாவிடம் ஒரு மூச்சு புகார் சொன்னார். அம்மா அதை மருந்துச் சீட்டு வாங்குகிற பக்தியோடு கேட்டுக்கொண்டாள். பிறகு அப்பா தன் வேலைப் பையிலிருந்து, இரும்பு அறுக்கும்போது போட்டுக்கொள்ளும் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். பதின்மூன்று வருடமாக வெங்காயம் நறுக்கிப் பழக்கமில்லாதவர், முன்னெச்சரிக்கையாக இருக்கிறார் என்று நினைத்தேன். முதல் வெங்காயம் முடிவதற்குள் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரிந்திருக்காது. கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. தடவித் தடவியே இரண்டாவதையும் நறுக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேரட் சீவினேன்.

கோழிக்கு எலும்பு எடுத்தார். அதே முகம். பூசணி போடவில்லை.

டப்பாவை நான்தான் கொண்டுபோனேன். டைலரம்மா ஒரு வாய் மென்று, கண்ணை மூடி யோசித்து, வெங்காயம் பச்சை வாடை அடிக்கிறது, இன்னும் வதக்கியிருக்க வேண்டும் என்று போய்ச் சொல் என்றார். இந்த முறை போய் ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல வதக்கினா கருகிடும்."

"கருகறதுக்கு முன்னாடி எடுக்கணும்ணே."

"எப்ப கருகும்னு அது முன்கூட்டி வந்து சொல்லுமா?"

"மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"நாளைக்குச் சாப்பிட்டுட்டு அப்புறம் பேசுங்க."

அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, சண்டையைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.