டின்னில் வந்த தெம்பு

ரப்பர் மரங்களுக்கிடையில் இருட்டு இன்னும் கலையவில்லை. நெற்றியில் கட்டிய டோர்ச் வெளிச்சத்தில் விஜயகலா பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டாள். கத்தியைப் பட்டையில் வைத்து ஒரே இழுப்பில் சரிவாகக் கீறினாள். பால் வெள்ளையாகக் கசிந்து, தகட்டில் இறங்கி, சிரட்டையில் சொட்டியது. அடுத்த மரம். குனி, உரி, வெட்டு, நிமிர். கணுக்காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடக்கூட அவள் நிற்கவில்லை. வெயில் ஏறினால் பால் நின்றுபோகும். அதற்குள் எல்லா மரத்தையும் வெட்டியாக வேண்டும்.

கை மரத்தில் இருந்தாலும் கண் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே ரோஷானிக்குப் பால் வெட்ட ஒதுக்கிய மலை.

ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டில் விஜயகலாவை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தது ஒரு காலம். இப்போது அந்தப் பெருமை நேற்று வாழ்க்கைப்பட்டு வந்த ரோஷானிக்குப் போய்விட்டது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவள் கொண்டுவரும் வாளிகளைத் தராசில் வைக்கும்போதெல்லாம் கணக்கப்பிள்ளை, "பாருங்க, இவதான் வேலைக்காரி" என்பார். விஜயகலாவுக்கு வயிறு பற்றி எரியும். அவள் கால் வழுக்காதா, வாளி கவிழாதா என்றுகூட வேண்டிக்கொண்டாள். தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டும் போகட்டும் என்கிற மாதிரியான பொறாமை அது.

ஒருநாள் பால் நிறுக்கும் கொட்டகையில் அவளால் அடக்க முடியவில்லை.

"ஏன்டி ரோஷானி, என்னத்தத் தின்னுட்டு இப்படி வெட்டுற?"

ரோஷானியின் முகம் வெளிறியது. சற்று முழித்துவிட்டு, "நாத்தனார் குவைத்துல இருந்து சத்து மா டின் அனுப்பினாங்கக்கா. அதக் குடிக்கிறேன்" என்றாள்.

அந்தப் பேச்சு லயத்து வீடுகளைச் சுற்றி, தோட்டத்துத் துரையின் பங்களா வரைக்கும் ஏறியது. அடுத்த வாரமே துரை ஒரு ஆள் ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய பாலின் கிலோவை உயர்த்தினார். எட்டாதவர்களுக்கு அரைப் பேர். நாள் முழுக்க உழைத்தாலும் பாதிக் கூலி.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சுப்பம்மா கேட்டாள். கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

"இம்புட்டு கிலோவ ஒத்த ஆளு எப்படிங்க துரை எடுக்கிறது?"

"ரோஷானி எடுக்கிறாளே? அவளும் உங்க லயத்துப் பொண்ணுதானே?"

"மரம் எல்லாம் கெழட்டு மரங்க."

"உடம்புல சத்தில்லாம மரத்தக் குறை சொல்லாதீங்க. ஆபிஸ்ல சத்து மா டின் எடுத்து வச்சிருக்கேன். வேணுங்கிறவங்க எடுங்க. சம்பளத்துல பிடிச்சுக்குவோம்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. ஆனால் முதல் டின்னை வாங்கியவள் வேறு யாருமில்லை, விஜயகலாதான். ரோஷானியிடம் இருப்பது தன்னிடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டின்னுக்குப் பிடித்ததை எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா? பிள்ளைகளின் தட்டில் கைவைக்க மனம் வரவில்லை. தன் பங்கு முட்டையையும் நெத்தலியையும் நிறுத்தினாள். காலையில் ரொட்டியும் சம்பலும் போய், சுடுதண்ணீரில் கரைத்த மா வந்தது. சொக்லட் மணந்தது; முதல் வாரம் தெம்பாகவும் இருந்தது.

"மாவக் குடிச்சிட்டு சோத்த விடுறியே, இது நல்லாவா இருக்கு?" என்றான் அவள் புருஷன் கஜேந்திரன்.

"அவளப் பாத்தீங்கள்ல? நீங்க சும்மா இருங்க."

சில வாரங்கள் கழித்து, பால் எடுக்கிற நேரத்தில்தான் அது நடந்தது. நிறைந்த வாளியோடு சரிவில் இறங்கியவளுக்குக் கண் இருட்டியது. கால் எங்கே என்று தெரியவில்லை. வாளி கவிழ்ந்து, தலை வேரில் மோதி, பாலெல்லாம் அவள் மேலேயே கொட்டியது. ஓடையைத் தாண்டி யாரோ கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். மடியில் தூக்கிப் போட்ட கை ரோஷானியுடையது. "இவளா வரணும்?" என்று நினைத்ததுதான் அவளுக்கு நினைவிருந்த கடைசி.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் தலையில் தையல் போட்டார்கள். "லே மதி" என்றார் டொக்டர். இரத்தம் போதாது. கஜேந்திரன் கொண்டுவந்த டின்னைத் திருப்பிப் பார்த்தார்.

"பாதிக்கு மேல சீனி" என்றார் சிங்களத்தில். "விஷமில்ல. ஆனா சாப்பாட்ட நிறுத்திட்டு வாங்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து மாத்திரைய நாங்க சும்மாவே தாறோம். முட்டை, நெத்தலி, கீரை சாப்பிடுங்க."

சாயங்காலம் ரோஷானி சோறும் கீரையும் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்றபடியே அழுதாள்.

"அக்கா, அந்த டின்ன நான் இன்னும் ஒடைக்கவே இல்ல. அலமாரி மேலதான் இருக்கு."

"என்னடி சொல்ற?"

"எங்க வீட்டுக்காரரு கேகாலைக்கு மேசன் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என்கூட மலைக்கு வந்து பாதி மரம் வெட்டுவாரு. வெயிலுக்கு முந்தியே முடிஞ்சிரும், பால் நல்லா எறங்கும். தோட்டத்துப் பேர்ல இல்லாத ஆளு மரத்தத் தொட்டா என் பேர வேலையில இருந்து வெட்டிருவாங்க. அதான் வாய்க்கு வந்தத சொன்னேன்."

விஜயகலாவுக்கு அவளை அறையத் தோன்றியது. பிறகு, பிரட்டு மணி அடித்தும் புரண்டு படுக்கிற கஜேந்திரனை நினைத்து, ரோஷானியின் புருஷன் ரெஜினோல்டுக்காகவும் ஒருமுறை பொறாமைப்பட்டாள். அதற்கும் பிறகுதான் கேட்டாள்.

"அவருக்கு என்ன கூலி?"

"கூலியா? ஒரு சதமும் இல்ல."

"அப்போ ரெண்டு பேரு வெட்டுற பாலு, ஒருத்தர் சம்பளம். அதக் காட்டித்தான் எங்க எல்லாருக்கும் கிலோவ ஏத்தினாரா?"

விஜயகலா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ரோஷானியையும் உட்காரச் சொன்னாள்.

தலையில் கட்டோடு விஜயகலா பிரட்டுக்களத்துக்கு வந்த அன்று, லயம் முழுவதும் விஷயம் தெரிந்திருந்தது. ரோஷானி முன்னே போய், தன் மலையில் புருஷனும் சேர்ந்து வெட்டியதை எல்லார் காதிலும் விழும்படி துரையிடம் சொன்னாள்.

துரையின் முகம் சிவந்தது. "வெளி ஆள மலைக்குள்ள விட்டியா? கணக்கப்பிள்ளை, இவ பேர வெட்டுங்க!"

இந்த வார்த்தைக்காகத்தானே விஜயகலா இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள்! இப்போது கேட்டபோது அது இனிக்கவில்லை. கால்கள் தாமாக முன்னே வந்தன.

"அவ பேர வெட்டினா என் பேரயும் வெட்டுங்க துரை. தெம்பு டின்ல இல்ல. அந்த மலையில ரெண்டு பேரு இருந்தாங்க. ஒரு ஆளு வெட்டுறத நிறுத்துப் பாத்து கிலோ போடுங்க. பழைய கிலோவுக்கு முழுப் பேர் போடுற வரைக்கும் எங்க கத்தி மரத்துல படாது."

"நீ ஒருத்தி நின்னா தோட்டம் நின்னுருமா?"

பதில் சுப்பம்மாவிடமிருந்து வந்தது. தன் டின்னை ஆபிஸ் படியில் வைத்து, பக்கத்தில் பால் கத்தியையும் வைத்தாள். "இத நீங்களே குடிங்க துரை. எங்களோட பேசுறதுக்கு உங்களுக்குத்தான் தெம்பு வேணும்."

சிரிப்பு எழுந்தது. பின்னாலேயே டின்களும் கத்திகளும் ஒவ்வொன்றாகப் படிக்கு வந்தன. துரை கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் எடுத்தார். உள்ளே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. வெயில் ஏறியது, அன்று எந்த மரத்திலும் பால் இறங்கவில்லை.

பெண்கள் படியிலேயே உட்கார்ந்தார்கள். எல்லாரும் ரோஷானியின் தைரியத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். விஜயகலாவுக்கு உள்ளே பழைய எரிச்சல் இலேசாகக் கிள்ளியது.

"இந்தாடி," என்றாள், "நாளைக்கு துரை கூப்பிட்டா மொதல்ல பேசுறது நான்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்று ரோஷானி நகர்ந்து இடம் கொடுத்தாள். "நான் பக்கத்துல நிக்கிறேன்."