சினிமாக் கல்யாணத்துக்குத் தட்டு கொண்டு போனோம்

எங்கள் ஊர் மண்டபத்தில் கல்யாணம் என்றால் வெறுங்கையோடு யாரும் படியேற மாட்டார்கள். ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டு போக வேண்டும். அழைப்பிதழில் அது எழுதியிருக்காது. எழுதினால், இதைக்கூடச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று எங்களுக்குக் கோபம் வந்துவிடும். தட்டுக்கு அடியில் பிளாஸ்திரி ஒட்டி வீட்டுப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருப்போம். இல்லாவிட்டால் விருந்து முடிந்ததும் என் தட்டு, உன் தட்டு என்று ஆரம்பித்து இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். எங்கள் ஊரான கொரபீனில் அப்படி நின்றுபோன குடும்பங்கள் இருக்கின்றன.

இதை சினிமாக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கோதுமை அறுப்பு முடிந்து, ஊரே வெயிலில் காய்ந்து கிடந்த சமயத்தில் அவர்கள் மெல்போர்னிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். டைரக்டர் இமோஜென் என்கிற பெண். தலையில் ஒரு பக்கம் முடி, மறு பக்கம் மொட்டை. சின்ன ஊரில் நடக்கும் ஒரு கல்யாணத்தில் எல்லாமே கோணலாகப் போகிறது, அதுதான் கதை. மாப்பிள்ளையின் கால்சட்டை கிழியும், மண்டபத்துக்குள் செம்மறி ஆடு புகும், பெண்ணின் அப்பா குடித்துவிட்டு உளறுவார். "நம்மளக் கிண்டல் பண்ணத்தான் வந்திருக்காங்க" என்றார் என் கணவர் ட்ரெவர். பண்ணிவிட்டுப் போகட்டும், ஒழுகுகிற தகரக் கூரையை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். மண்டபக் கமிட்டியின் தலைவி நான்தான். கூரையைப் பற்றி எனக்குத்தானே கவலை.

அந்த வருஷம் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் ஒரே மகள் கிரலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜூலியன் மெல்போர்ன்காரன், தங்கமான பையன். ஆனால் கல்யாணம் எங்கள் மண்டபத்தில் இல்லை. நகரத்துக்குப் பக்கத்தில் ஏதோ திராட்சைத் தோட்டத்தில், எண்ணி எடுத்த விருந்தாளிகளோடு. எங்கள் ஊரிலிருந்து நானும் ட்ரெவரும் மட்டும். "அவங்க வீட்டு ஆளுங்க வேற மாதிரிம்மா. உனக்குப் புரியும்" என்று போனில் சொன்னாள். புரியத்தான் செய்தது. நானும் என் அம்மாவும் கழுத்தை நீட்டிய மண்டபம் அது. என் மகளும் அங்கே நிற்க வேண்டும் என்று அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து ஆசைப்பட்டவள் நான். ஆனால் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கெஞ்சுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

ஊரையெல்லாம் சினிமாவில் கல்யாண விருந்தாளிகளாக உட்கார வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளே கூப்பிட்டாள். "அம்மா, நீ பின்னாடி வரிசையில போய் உக்காந்துக்கோ. எதுவும் பேசாத." சரி என்று போனை வைத்தேன். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் இமோஜெனின் உதவியாளர் வீடு வீடாகப் போன் செய்து, உங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு எப்படி வருவீர்களோ அப்படியே வாருங்கள் என்றார். அப்படியே போனோம். காலையில் மண்டபத்து வாசலில் வண்டிகள் வந்து நிற்க, ஒவ்வொன்றிலிருந்தும் துணி மூடிய தட்டு இறங்கியது. கறிமசாலா போட்ட முட்டை சாண்ட்விச், இறைச்சி திணித்த சுருள், தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக். நான் பாவ்லோவா கொண்டு போயிருந்தேன். முட்டை வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, அடுப்பில் மொறுமொறுப்பாக்கி, மேலே பாலாடையும் பழமும் போட்டது. என் பாவ்லோவாவைக் குறை சொன்னவர்கள் கொரபீனில் யாரும் இல்லை, சொல்லிவிட்டு இங்கே குடியிருக்கவும் முடியாது. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த கிளாரி கிழவர் கல்யாணப் பெண்ணுக்கு மின்சாரக் கெட்டில் ஒன்றைப் பரிசுக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பெண்ணாக நடிக்க வந்தவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு நின்றாள்.

இமோஜென் எங்களையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்களே மேஜை நிறையச் சாப்பாடு அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் பொய்ச் சாப்பாடு. கோழிக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். அவர்களுடைய பாவ்லோவா முகச்சவரம் செய்கிற நுரை, மேலே பிளாஸ்டிக் ஸ்ட்ராபெரி. விளக்குச் சூட்டில் நிஜம் உருகிவிடுமாம். எங்கள் மனம் நோகக் கூடாதென்று, தட்டுகளை இப்போதைக்குச் சமையலறையில் வைக்கச் சொன்னாள்.

அப்புறம் காத்திருந்தோம். சினிமா எடுப்பது என்றால் காத்திருப்பதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெண்ணின் அப்பாவாக நடித்தவர் அதே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினார். நாங்களும் அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சிரித்தோம். ஈ மொய்த்தது, வியர்த்துக் கொட்டியது, வயிறு காய்ந்தது. தட்டுகளின் மேல் துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் நைசாகச் சமையலறைக்கு நழுவினேன். அங்கிருந்து கதவிடுக்கு வழியாக மண்டபத்தை எட்டிப் பார்த்தால், கிளாரி ஒரு கரண்டியை எடுத்துப் பொய்ப் பாவ்லோவாவில் ஆழமாக இறக்கி வாய்க்குக் கொண்டு போகிறார்.

அப்போது கேமரா ஓடுகிறதா இல்லையா என்று யோசிக்க யாருக்கு நேரம்? என் பாவ்லோவாவைத் தூக்கினேன். உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் இடிக்காமலிருக்க இரண்டு கையாலும் உயரப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நடுவே ஓடினேன். "யோவ் கிளாரி, அதைத் தின்னாதய்யா, அது சவர நுரை! இந்தா, இதான் நிஜம்!"

என் தட்டு வெளியே வந்ததைப் பார்த்ததும், பந்தி ஆரம்பித்துவிட்டது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அத்தனை பேரும் எழுந்து சமையலறைக்குப் போய் அவரவர் தட்டை எடுத்து வந்தார்கள். வார்னிஷ் கோழியை யாரோ ஜன்னல் வழியாக வெளியே வைத்தார்கள். நடிகர்களுக்குப் பரிமாறினோம், விளக்குப் பிடித்தவர்களுக்கு வாயில் ஊட்டினோம். நான் சுதாரித்துக்கொண்டு இமோஜெனைத் தேடினேன். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் நனைந்திருந்தது. அழுகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம் கிளெனிஸ். அந்த முட்டை சாண்ட்விச் இன்னும் மிச்சம் இருக்கா?" என்றாள்.

பாழாய்ப்போன அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருப்பார்கள் என்றே நம்பினேன். கிரலியிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் படம் வெளியானது. கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. உங்கள் ஊரில் எடுத்த படம், எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஜூலியனின் அம்மா பிலிப்பா எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார். கெட்ட மனுஷி இல்லை. குரல் மட்டும் எப்போதும் மாடியிலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கும். ட்ரெவர் தன்னிடமிருந்த ஒரே டையைக் கட்டிக்கொண்டார். நாங்கள் மெல்போர்னுக்கு வண்டியில் போனோம். தியேட்டரில் கிரலி எனக்கும் பிலிப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பரீட்சை முடிவு பார்க்க வந்தவள் போல முகம் வெளிறியிருந்தது.

படம் ஆரம்பித்ததிலிருந்து ஒரே சிரிப்பு. எங்கள் ரோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், மதுக்கடை வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ட்ரெவர் சொன்னதுதான் சரி, இவர்களிடம் போய் ஊரையே தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெண்ணின் அப்பா பேச எழுந்தார். அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவு திறந்தது.

நான் வந்தேன். திரை முழுக்க நான்தான். நல்ல நாளைக்கென்று வைத்திருந்த நீலக் கவுன், அதற்குள் அடங்காத உடம்பு, தலைக்கு மேலே பாவ்லோவா. முகம் சரியாகத் தெரியவில்லை, ஆனால் தட்டின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. ஹாட்ரிக் என்று எங்கள் வீட்டுப் பெயர், ஆட்டுக் கொட்டகைக் கதவு அளவுக்கு. தியேட்டரே அதிர்ந்தது. ஆட்கள் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்தியிருந்தாள். போச்சு, இனிமேல் திராட்சைத் தோட்டத்துக்குக்கூட நம்மைக் கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் படம் அங்கே வெட்டுப்படவில்லை. அந்தப் பந்தி முழுவதையும் இமோஜென் வைத்திருந்தாள். கிளாரி தன் தட்டிலிருந்த பெரிய துண்டைக் கல்யாணப் பெண்ணின் தட்டுக்கு மாற்றுகிறார். ட்ரெவர் யாரோ ஒரு விளக்குக்காரனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு சாப்பிடுகிறார். தியேட்டரில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, எல்லோரும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எங்கள் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு நன்றாக இருந்தோம் தெரியுமா? எவன் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பெயரைக்கூடக் கவனிக்காத பிலிப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரலி பக்கம் சாய்ந்தார். "அந்த நீலக் கவுன் பொம்பளைய எங்கேருந்துதான் புடிச்சாங்களோ?"

"கொரபீன்லேருந்து" என்றாள் கிரலி. "அது எங்கம்மா."

மெதுவாகச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் அவள் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. படம் முடியும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும் பிலிப்பா என்னிடம் வருத்தம் தெரிவித்தார், பரவாயில்லை என்றேன். உடனே அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. திராட்சைத் தோட்டமெல்லாம் எதற்கு, கல்யாணத்தை அந்த மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்றார். அச்சு அசலாகப் படத்தில் வந்த மாதிரியே செய்யலாம், அந்தக் கிழவரையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள், என் தோழிகள் இதைப் பார்த்தால் சொக்கிப் போவார்கள் என்றார்.

வருஷக்கணக்காக நான் கேட்கத் தவித்த வார்த்தை. ஆனால் அது வந்தது எங்களை வேடிக்கை பார்க்க. வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ட்ரெவர் டையைத் தளர்த்திக்கொண்டே தரையைப் பார்த்தார். ஜூலியன் கிரலியைப் பார்த்தான்.

"எனக்கும் அங்கதான் ஆசை" என்றாள் கிரலி. "எங்கம்மாவுக்கு அந்த மண்டபத்துலதான் ஆச்சு, பாட்டிக்கும் அங்கதான். நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு வேணாம்னேன். அதுக்காக இப்ப அசிங்கமா இருக்கு." பிலிப்பா பக்கம் திரும்பினாள். "ஆனா படத்துல வந்த மாதிரி நடக்காதுங்க. எங்க ஊர்ல நடக்கிற மாதிரி நடக்கும். உங்க தோழிங்க விருந்தாளியா வந்தா வாசல்ல நின்னு வரவேற்போம். வேடிக்கை பாக்கணும்னா, படம் இங்கயே இன்னும் ரெண்டு வாரம் ஓடும். டிக்கெட் வாங்கிக்கச் சொல்லுங்க."

பிலிப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. விருந்தாளியாகத்தான் வருவோம் என்றார். இந்தத் தடவை அந்தக் குரல் எந்த மாடியிலிருந்தும் இறங்கி வரவில்லை. ஜூலியனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ட்ரெவர் என் காதருகே குனிந்தார். "சந்தேகமே இல்ல கிளெனிஸ், இது உன் பொண்ணுதான்."

"பின்ன?" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அத்தனை நகரத்து ஜனங்களுக்கு முன்னால் அழுதிருப்பேன்.