தையல் நிற்குமா?

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வயிற்றுக்குள்ளே தைக்க வந்த டாக்டரிடம் தையல்காரி ஒருத்தி கேட்ட கேள்வியைச் சொல்கிறேன்.

அவள் மிஷினைவிட்டு எழுந்திருப்பதே அபூர்வம். ஆறு வருஷமாக, சாப்பிட்ட அரைமணியில் மேல்வயிற்றைத் துளைத்து முதுகுக்குப் போகும் வலி. முன்னால் குனிந்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, மிஷின்மேல் கவிழ்ந்தபடியே இருப்பாள். "என் பொண்டாட்டி மாதிரி உழைக்க ஆள் கிடையாது" என்று பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். வெளிச்சம் போதாதென்று விளக்கு வேறு வாங்கி மாட்டினார், அப்பாவி மனுஷன். ஒருநாள் மதியம் சீக்கிரம் வந்தவர் கண்ணில்தான், ஊசியில் நூலே இல்லாதது பட்டது.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் கெட்டுப்போய், அதன் குழாய் நெடுகக் கல். மாத்திரை பார்த்தாயிற்று, வாய்வழியாகக் குழாய் விட்டும் பார்த்தாயிற்று. மிச்சம் கத்திதான். இரண்டு முறை நாள் குறித்தும் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டாள். மூன்றாம் முறை டாக்டரம்மா பேப்பரை ஓரமாக வைத்தார்.

"என்னம்மா பயம்? மனசுல இருக்குறத சொல்லுங்க."

"எப்படித் தைப்பீங்க?"

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்து, திறந்த வாயோடு சிறுகுடலைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தையல்காரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள எந்நேரமும் ஈரம். தையல் நிக்குமா?"

"நல்ல கணையம்னா எனக்கே பயம்தான். வெண்ணெய் மாதிரி இருக்கும், நூலே அறுத்துடும். உங்களோடது இத்தனை வருஷத்துல இறுகி கித்தான் துணி மாதிரி ஆகியிருக்கும். நூலைப் பிடிச்சுக்கும்."

"அப்போ இவ்வளவு நாள் என்னைப் படுத்தினது துணிக்குக் கஞ்சி போடத்தானா?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வீட்டுக்காரர் இருமிவைத்தார்.

"வலி முழுசா போயிடுமா டாக்டர்?" என்றாள்.

"நிறைய பேருக்குப் போகுது. எல்லாருக்கும் போகும்னு சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில்தான் அவளுக்குப் பிடித்தது. துணியைத் தொட்டுப் பார்க்காமலே 'கச்சிதமா வரும்' என்கிறவர்களை அவள் நம்பியதே இல்லை. "ஒரு தையலுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஆப்பரேஷன் முடிந்து ஆறாம் நாள், கசிவு இல்லையென்று இடுப்போரத்து வடிகுழாயை எடுத்தார்கள். ஒரு துண்டு ரொட்டி தந்தார்கள். பாதி தின்றாள். வெட்டிய இடம் எரிந்தது. அது வேறு வலி, மேல்துணியின் வலி. அவள் காத்திருந்தது உள்ளே இருக்கும் பழையவனுக்காக.

அரைமணி போயிற்று.

"வந்துடுச்சா?" அவள் கையைப் பிடித்திருந்த வீட்டுக்காரர் கேட்டார்.

"சும்மா இருங்க. கேட்டுட்டிருக்கேன்."

இன்னும் பத்து நிமிஷம். மறுபாதியை எடுத்து வாயில் வைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பவள்போல, நிறுத்தி நிறுத்தி மென்றாள்.

உங்கள் வீட்டில் சாப்பிட உட்காருகிறவர்கள் யாரும் பயந்து உட்காராதிருக்கட்டும், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் போடு என்று நீட்டுகிற தட்டுகளால் உங்கள் வீடு நிறையட்டும்.