மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

என் மூஞ்சியை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். நீலக் கோட்டு, நரைத்த மீசை, செய்தி வாசிக்கிற குரல். "ரத்தினம், வாங்கிய ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கவும்" என்று நாட்டுக்கே அறிவித்தவன் நான்தான். பீர்க்கன்கரணையில் ஒரு மாடி அறை, ஒரு கேமரா. யார் எதை எழுதி அனுப்பினாலும் சிரிக்காமல் வாசித்து வீடியோவாக அனுப்புவது என் பிழைப்பு. ஏசுபாதம் என்றால் யாருக்கும் தெரியாது. அறிவிப்பு அங்கிள் என்றால் தாம்பரம் ஸ்டேஷனில் நிறுத்தி செல்ஃபி கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும். கேட்காமல் போனால் அதைவிட எரிச்சலாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆர்டர் வந்தது. எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அதே பாணியில் எழுதியிருந்தார்கள். "நாவலூர் ஜெபகுமாருக்கும் சிங்கப்பெருமாள் கோவில் பியூலாவுக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்கு ஒரு தடை உண்டு. தடை சொல்பவர், மாப்பிள்ளை." மாப்பிள்ளையின் நண்பர்கள் கலாய்க்கிறார்கள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து ஓலை கேட்டு வளர்ந்தவன் இல்லையா, இழுத்து நிறுத்தி ஜோராக வாசித்தேன்.

வீடியோவை வாங்கியவர்கள் நெட்டில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். என் தலையை வெட்டி நாய்க்குட்டி உடம்பில் ஒட்டியிருந்தார்கள். போன் ஓயாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் அறையில் இடமில்லை.

கீழ் வீட்டு செல்லியம்மாள் படியிலிருந்து கத்தினாள். "ஏசு சார், ஒரு பொண்ணு வந்து கீது. போட்டோ புடிக்க வந்த மாரி தெரியல, பாத்துக்கோ."

பின்னாலேயே அந்தப் பெண் ஏறி வந்தாள். "அங்கிள், நான் பியூலா."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அது ஜோக்கா, நிஜமா? அதை மட்டும் சொல்லுங்க. ஜெபகுமார் மூணு நாளா போன் எடுக்கல. அவங்கம்மா, பசங்க விளையாட்டும்மா, பெருசு பண்ணாதேங்கறாங்க. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, நாளைக்கு மூணாவது. அதையும் வாசிச்சிட்டு வியாழக்கிழமை அவர் சர்ச்சுக்கு வரலேன்னா எங்கப்பா தாங்க மாட்டாரு."

"ஜோக்காத்தாம்மா இருக்கும்" என்றேன். அவளுக்காகச் சொல்லவில்லை. என் தப்பு இல்லை என்று ஆகிவிட வேண்டும் என்ற அவசரம்.

"யாரு அனுப்பினாங்க?"

"பேர் போடல. தயவுசெஞ்சு சிரிக்காம சொல்லுங்கன்னு எழுதியிருந்தாங்க, அவ்வளவுதான். எல்லாருமே அப்படித்தாம்மா எழுதுவாங்க. நான் சிரிக்காம சொன்னாத்தான் பாக்கறவங்களுக்குச் சிரிப்பு வரும்."

"காட்டுங்க."

போனை நீட்டினேன். அவள் விரலால் கீழே தள்ளினாள். அந்த ஆள் அதற்கப்புறம் இன்னொரு செய்தி அனுப்பியிருந்தான். ஒரு நாளைக்கு அறுபது செய்தி வருகிறது, நான் அதைத் திறக்கவே இல்லை. 'அவ பேர் வர்ற இடத்துல மெதுவா சொல்லுங்க சார். பதறினா அவளுக்கு மூச்சு வாங்கும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"எனக்கு மூச்சு வாங்கறது அவருக்கு மட்டும்தான் தெரியும், அங்கிள். அவங்க வீட்ல யாருக்கும் நாங்க சொல்லல."

அந்த நாவலூர்க்காரனை இழுத்து வந்து நாலு அறை விடவேண்டும் போலிருந்தது. அதில் இரண்டு எனக்குரியவை.

"நீங்க வாயால சொல்லுங்க" என்றாள். "ஜோக்கா, நிஜமா?"

ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் அறிவிப்பு வாசித்தவன், இதை மெதுவாகச் சொன்னேன்.

"அவர் வரமாட்டாரும்மா."

அவள் கேமரா பெட்டி மேல் உட்கார்ந்தாள். கைப்பையில் தடவி இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. மூச்சு சீராகிற வரைக்கும் என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு தன் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள்.

"பாஸ்டர், பியூலா பேசறேன். நாளைக்கு எங்க ஓலையை வாசிக்காதீங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்ல பாஸ்டர், அந்த வீடியோவுக்காக இல்ல. அவரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு அவர் வேண்டாம். யாராவது கேட்டா என் பேரையே சொல்லுங்க."