வளன் நேர்ந்துகொண்ட ஆள்

எழுபத்து நாலாம் வருஷத்து தவசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற வளனின் வீட்டுக்கு, அவர் ஆக நினைத்திருந்த மனிதர் நேரில் வந்து சேர்ந்தார். முகம், மச்சம், உப்பில் செம்பட்டையான முடி எல்லாம் வளனேதான். குற்றமும் வளனுடையதுதான். பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாள் தவசுகாலம்தோறும் கோபத்தை விடுவதாக மாதாவிடம் பொத்தாம்பொதுவாக நேர்ந்துகொண்டு, மூன்றாம் நாளே சோற்றுத் தட்டைத் தெருவில் எறிகிறவர், அந்த வருஷம் பார்த்து அளந்து சொல்லிவிட்டார்: தட்டை எறியமாட்டேன், கெட்ட வார்த்தை பேசமாட்டேன், பொண்டாட்டி பேசினால் முழுக்கக் கேட்பேன். இப்படி அளவு கொடுத்துக் கேட்டால் மாதாதான் என்ன செய்வாள்? ஆளை அனுப்பிவிட்டாள்.

வந்தவர் உப்புக் கரித்த குழம்பை வாய் திறக்காமல் சாப்பிட்டார். பிறகு ஹில்டாவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷனிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வாய்க்காத ஹில்டா, முதலில் கடைவாய்ப்பல் வலியைச் சொன்னாள். அப்புறம், கீழவைப்பாரில் தன் அம்மை செத்த அன்று அவர் வராமல் சீட்டாடிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். புதியவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப்புறம் நின்ற நம்முடைய வளன் பொறாமையில் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள், "ஏளா ஹில்டா, எங்க வீட்டுக்கும் இப்பிடி ஒண்ண அனுப்பச் சொல்லி மாதாகிட்ட கேளேன்" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

பங்குச் சாமியார் வந்து இருவரையும் பார்த்தார். "ஒரு தாலிக்கு ரெண்டு மாப்பிள்ளை கெடையாதும்மா. பாஸ்காவுக்குள்ள ஒருத்தர அனுப்பிரு" என்றார். யாரை அனுப்புவாள் என்பது ஊருக்கே தெரியும். வளனுக்கும் தெரியும். போகவேண்டியது அவர்தான்.

கடலில் இருவருக்கும் ஒரே தோணி. ஒருவர் இடுப்பில் கயிற்றோடு முங்கினால் மற்றவர் மேலே கயிறு பிடிக்க வேண்டும்; அசைத்தால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிறு நெருங்கிய ஒரு மத்தியானம் புதியவர் கீழே இருந்தார். கயிறு அசைந்தது. வளன் இழுக்கவில்லை. "அங்கனயே கெடலே" என்று பல்லைக் கடித்தார். கயிறு மறுபடி அசைந்தது, பிறகு துடித்தது, பிறகு நின்றுபோனது. அது நின்ற பிறகுதான் வளனுக்குப் பயம் வந்தது. ஐயோ மாதாவே என்று அலறிக்கொண்டு கை தோலுரிய இழுத்தார். மூக்கில் ரத்தத்தோடு தோணிக்குள் விழுந்தவர் நிமிர்ந்து வளனைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் ஹில்டா சுருண்டு கிடந்தாள், அந்தோணியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். கயிறு நின்றுபோன அதே மத்தியான நேரம், இருந்தாற்போல் மூச்சு நின்று முகம் நீலம் பாரித்துவிட்டதாம். எழுந்து உட்கார்ந்தவள் வளனிடம்தான் கேட்டாள்.

"கயிறு யாரு கையில இருந்துச்சு?"

நீரோட்டத்தின்மேல் பழி போட வாயெடுத்தார் வளன். முடியவில்லை. "என் கையில. இழுக்காம நின்னேன் ஹில்டா."

அவள் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "அப்போ நாளைக்கு நீங்க முங்குங்க. கயித்த அவரு பிடிக்கட்டும். வந்து சேந்தா பேசுவோம்."

மறுநாள் வளன் முங்கினார். சங்கு தேடவா தோன்றும்? தான் மேலே நின்றால் என்ன செய்வோம் என்பது அவருக்குத் தெரியும்; மேலே நிற்பவரும் தான்தானே! மூச்சு முட்டிக் கயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனார். கை படுமுன்பே கயிறு அவரை மேலே தூக்கியது. அந்த மூச்சு அவருடையதும்தானே; அது எங்கே முடியும் என்று புதியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளன் தோணியில் குப்புறக் கிடந்து, பிள்ளையைப்போல ஏங்கி ஏங்கி அழுதார்.

பாஸ்கா பூசையில் இரண்டு வளன்களும் அடுத்தடுத்து முழந்தாளிட்டு நாக்கை நீட்டினார்கள். யாரை அனுப்புகிறாய் என்பதுபோல் சாமியார் ஹில்டாவைப் பார்த்தார். அவள் யார் பக்கமும் தலையை அசைக்கவில்லை. இருவர் நாக்கிலும் நன்மை அப்பத்தை வைத்துவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். அதன்பிறகு எத்தனையோ வருஷம் வளன் முங்கினார், மற்றவர் கயிறு பிடித்தார். திரேஸ்புரத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஹில்டா மட்டும், வளன் கடலுக்கடியில் இருக்கும் நேரமெல்லாம், கரையில் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.