எழுத ஏலாத டொக்டர்

தவநாயகி இரண்டு குளிசைப் பெட்டிகளை மேசையில் வைத்தாள்.

"இதை விடப்போறன்," என்றாள்.

ஒன்று நூறு மில்லிகிராம். மற்றது ஐம்பது. கம்சிகா இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். சட்டன் நகரில் உள்ள மனநல நிலையத்தில் அவள் கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட். தவநாயகி மோர்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் றோல்ஸ் பொரிக்கிறவள். வயது ஐம்பத்தொன்பது. கணவர் இறந்த பிறகு ஆறு மாதம் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தாள். குளிசைதான் அவளை எழுப்பியது. விட்டால் திரும்பவும் படுத்துவிடுவாள் என்று கம்சிகா பயந்தாள்.

"ஏன் அன்ரி?"

"நித்திரை. பட்டப்பகலிலை நித்திரை. போன கிழமை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலை நிண்டு தூங்கி விழுந்தனான். நாப்பது றோல்ஸ் கரி. முதலாளி என்னைக் கல்லாவிலை நிக்கச் சொல்லுறார். எனக்குச் சிரிக்கத் தெரியாது. வாற சனமும் ஓடிடும்."

"குளிசையைக் குறைக்கலாம். விடக் கூடாது."

"அப்ப குறைச்சு எழுதித் தாங்கோ."

"என்னாலை எழுத ஏலாது."

"டொக்டர்தானே?"

"படிப்பாலை டொக்டர். மருந்து எழுத எங்கட ஆக்களுக்கு அனுமதி இல்லை."

"என்ர கால் பாக்கிற பிள்ளையும் டொக்டர் இல்லை. அவ களிம்பு எழுதித் தந்தவ."

"அதுக்கெண்டு மேலதிகமாப் படிச்சால் அவைக்கு ஏலும்."

"நீங்கள் படிக்கேல்லையோ?"

"மருந்தைப் பற்றிப் படிச்சனான். சட்டம்தான் வரேல்லை."

"காலுக்கு வந்திட்டுது, தலைக்கு வரேல்லை," என்றாள் தவநாயகி. "நல்ல நாடு."

கம்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. நாட்காட்டியைத் திறந்தாள்.

"இதை டொக்டரோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன். அடுத்த புதன் வாங்கோ."

"ஏலாது. புதன் கந்தசட்டி தொடங்குது. ஆறு நாள் விரதம். பின்னேரம் ஒரு கப் பால் மட்டும்."

"குளிசை?"

தவநாயகி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"விரதத்திலை என்ன குளிசை?"

கம்சிகா பேனாவைக் கீழே வைத்தாள்.

"போன வருசமும் விட்டனீங்களோ?"

"ஒவ்வொரு வருசமும்."

"விட்டால் என்ன செய்யும்?"

"தலை சுத்தும். அழுகை வரும். உடம்புக்குள்ளை கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். விரதமெண்டால் கஷ்டம்தானே. முடிய டொக்டரிட்டைப் போவன். குளிர் தொடங்க எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டு கூட்டித் தருவினம்."

"குளிசை டெய்லி போடுறீங்களோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. யெஸ் எண்டனான்." தவநாயகி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "முன்னூற்றி அறுபத்தைஞ்சிலை ஆறு ஒரு கணக்கோ?"

கோப்பின்படி அளவு ஐம்பதில் தொடங்கியது. ஓர் ஐப்பசியில் நூறானது. அடுத்த ஐப்பசியில் நூற்றைம்பது. கம்சிகா கடதாசியில் மூன்று எண்களையும் எழுதி அவளுக்குக் காட்டினாள்.

"நோய் கூடேல்லை, அன்ரி. குளிசையை டக்கெண்டு நிப்பாட்டினதாலைதான் தலை சுத்தினது. நோய் கூடிட்டுதெண்டு நினைச்சுக் கூட்டியிருக்கினம்."

"அப்ப என்னிலை பிழையோ?"

"ஒருத்தரும் விரதத்தைப் பற்றிக் கேக்கேல்லை. இந்த முறை விடாதேங்கோ. பின்னேரம் பாலோடை போடுங்கோ."

"விரதம் முறிஞ்சிடும்."

"ஐயரிட்டைக் கேளுங்கோவன்."

"என்ன குளிசை எண்டு கேப்பார். கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். தவத்துக்கு விசராம், தலை பிழையாம் எண்டு மடைப்பள்ளியிலை கதைப்பினம்."

"என்ன குளிசையெண்டு சொல்லத் தேவையில்லை."

தவநாயகி பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"ஐயா, தவநாயகி கதைக்கிறன்."

"சொல்லும் பிள்ளை. காப்புக் கட்ட வாறீர்தானே?"

"வாறன் ஐயா. விரதத்திலை குளிசை போடலாமோ?"

"என்ன குளிசை?"

தவநாயகி கம்சிகாவைப் பார்த்தாள்.

"மனசுக்கு, ஐயா."

ஐயர் பக்கத்தில் ஒரு கதவு சாத்தப்படுவது கேட்டது.

"பெட்டியிலை என்ன பேர் போட்டிருக்கு?"

தவநாயகி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அதுவோ! நானும் அதுதான். மூண்டு வருசமாப் போடுறன். கந்தசட்டியிலையும் போடுறனான். முருகன் ஒண்டும் சொல்லேல்லை. உமக்கு எத்தினை?"

"நூற்றைம்பது."

"அம்மாடி! எனக்கு ஐம்பது."

பேசி முடித்த பிறகு தவநாயகி கைபேசியை மேசையில் வைத்தாள்.

"கோயிலைக் கட்டி மேய்க்கிற மனுசனுக்கு ஐம்பது. றோல்ஸ் பொரிக்கிறவளுக்கு நூற்றைம்பதோ?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அளவு, அன்ரி. உங்கட அளவை இப்ப கேப்பம். விரதத்தைப் பற்றி அவருக்குச் சொல்லலாமோ?"

"ஐயருக்கே சொல்லியாச்சு. இனி ஆருக்குச் சொன்னால் என்ன?"

தவநாயகியின் டொக்டரிடம் யாக்கோப்பு என்றொரு தமிழ் மருந்தாளர் இருந்தார். மருந்து எழுத அனுமதி பெற்றவர். தூரத்து ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ரயில் மாறி மாறி வருகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவர் எரிந்து விழுவார், அப்போது போன் எடுக்கக் கூடாது என்று கம்சிகாவுக்குத் தெரியும். மணி பதினொன்றரை. எடுத்தாள்.

அவள் சொல்லச் சொல்ல மறுபக்கத்தில் கீபோர்ட் சத்தம் கேட்டது.

"ரெண்டு தரமும் கந்தசட்டி முடிஞ்ச கையோடை கூட்டியிருக்கு," என்றார் யாக்கோப்பு. "போன முறை நான்தான் கூட்டினனான். கடவுளே. எனக்கு எழுத ஏலும், என்னத்தை எழுதுறதெண்டு தெரியேல்லை."

"எனக்குத் தெரியுது, எழுத ஏலாது."

"அப்ப சொல்லுங்கோ."

விரதம் முடியும்வரை அளவில் கை வைக்க வேண்டாம் என்றாள் கம்சிகா. முடிந்ததும் முதலில் இருபத்தைந்து குறைக்கலாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு மீண்டும் குறைக்கலாம். ஒவ்வொரு கிழமையும் தான் தவநாயகியைப் பார்ப்பதாகச் சொன்னாள். யாக்கோப்பு போனைத் தவநாயகியிடம் கொடுக்கச் சொன்னார்.

"டெய்லி போடுறீங்களோ எண்டு இனிக் கேக்கமாட்டன், அம்மா. என்னென்ன விரதம் பிடிக்கிறனீங்கள்?"

"எழுதிக்கொள்ளுங்கோ," என்றாள் தவநாயகி. "வெள்ளி. கௌரி. திருவெம்பாவை..."

"வெள்ளியிலையும் குளிசை விடுறனீங்களோ?"

"சீச்சீ. அது மரக்கறிச் சாப்பாடு மட்டும்."

பட்டியல் முடியப் பத்து நிமிடம் சென்றது. அதன் பிறகு யாக்கோப்பு மருந்துச் சீட்டை எழுதினார்.

விரதத்தின் கடைசி நாளான சூரன்போர் அன்று பின்னேரம் கம்சிகாவின் தொலைபேசி அடித்தது. கோயில் மேளச் சத்தத்துக்கு மேலால் தவநாயகி கத்தினாள்.

"டொக்டர்! தலை சுத்தேல்லை!"

"ஆறு நாளும் போட்டீங்களோ?"

"ஆறு நாளும். பாலோடை. அழுகையும் வரேல்லை. சூரன்ர தலை விழேக்கை கொஞ்சம் வந்தது. அது எல்லாருக்கும் வாறதுதான்."

"நல்லது, அன்ரி."

"இன்னொண்டு. இஞ்சை நாலு பேர் குளிசையை விட்டுட்டு இருக்கினம். ரெண்டு பேருக்குத் தலை சுத்துது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டனான். கேட்டால் சொல்லுவினம்தானே."

"உடனை அவையின்ர டொக்டரிட்டைக் கதைக்கச் சொல்லுங்கோ. நான் எழுத—"

"தெரியும், தெரியும். சட்டம் வாற நேரம் வரட்டும். இப்ப ரமாவோடை கதையுங்கோ. ரமா! இஞ்சை வாரும். பயப்பிடாதேயும், இவ எழுதமாட்டா. கேக்கத்தான் செய்வா."