ஆடித் தள்ளுபடியும் ஓர் ஒலிப்பதிவும்

ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் பாட்டுப் பதிவுக்கு அரியலூரில் ஒரு சின்ன மண்டபம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குக் கிடைத்தது. அதே ஆடியில்தான் பெரம்பலூர் துணிக்கடைகளில் தள்ளுபடி என்பதால், அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கும் வெற்றிச்செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் சூப்பர்வைசர் பரணிதரனிடம் மதியத்துக்கு மேல் பர்மிஷன் வாங்கினாள். அதற்குள், “வாங்கக்கா, புதுசா வந்திருக்கு, பாருங்க” என்று காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை பாதி போயிருந்தது.

புடவைப் பிரிவில் அவளோடு நிற்கும் லீலாவதியும் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

“பாட்டுக் கேக்கவாக்கா வர்றீங்க?”

“பாட்டு கெடக்குது. வூட்டுக்குப் போனா துணி தொவைக்கணும். ஒங்கூட வந்தா சும்மா உக்காந்திருக்கலாம்ல.”

கடையில்தான் நாளெல்லாம் உட்காரக் கூடாதென்றால், பஸ்ஸிலும் உட்கார இடமில்லை. அரியலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். லீலாவதி மெதுவாகக் கேட்டாள்.

“என்ன மாதிரிப் பாட்டு புள்ள? சாமி பாட்டா?”

“ஹார்ட்கோர் பங்க்குன்னு சொல்வாங்கக்கா. வேகமா இருக்கும். நான் பாடறது பாட்டு மாதிரி இருக்காது. கத்துவேன்.”

“யாரப் பாத்து?”

வெற்றிச்செல்வி யோசித்தாள். “தெரியலக்கா” என்றாள்.

குழுவின் பெயர் சுண்ணாம்புக்கல். கிடார் மணிமொழி, டிரம்ஸ் தமிழழகன், குரல் இவள். இதுவரை அவர்கள் செய்ததெல்லாம் செல்போனில் பிடித்தவைதான். அவற்றில் டிரம்ஸைத் தவிர வேறெதுவும் கேட்காது. இந்த முறை ஒலிப்பதிவு செய்யும் அனுசுயா திருச்சியிலிருந்து மைக்குகளோடு வந்திருந்தாள். ஆள்களை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கல்லூரிப் பிள்ளைகளும் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த சிலருமாக மண்டபம் பாதி நிறைந்திருந்தது.

தமிழழகன் குச்சியைத் தட்டியதும் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. வெற்றிச்செல்வி மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினாள். முன்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக் குதித்தார்கள். மூன்றாவது பாட்டு அவளே எழுதியது.

“நிக்கிறேன் நிக்கிறேன்
காலு என்னோடதா கடையோடதா?”

இரண்டாம் முறை அந்த வரிக்கு வரும்போது அவள் கண் பின்வரிசைக்குப் போனது. லீலாவதி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, இன்னொன்றில் காலைத் தூக்கி வைத்திருந்தாள். செருப்பு கீழே கிடந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கி, கொலுசு சதைக்குள் அழுந்தியிருந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர்கள் சுவரை அதிரவைத்தன. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

வெற்றிச்செல்விக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அப்படியே போய்ப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துவிடலாம் போலிருந்தது. வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. மணிமொழி திரும்பிப் பார்த்தாள், ஆனாலும் கிடாரை நிறுத்தவில்லை. தமிழழகன் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப அடித்தான். வெற்றிச்செல்வி மேடை விளிம்பில் உட்கார்ந்து, மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். குதித்தவர்கள் அதையும் பாட்டின் பகுதி என்றே நினைத்துக் கைதட்டினார்கள். கடைசி வரியை உட்கார்ந்தபடியே, கத்த முடியாமல், சும்மா சொன்னாள்.

முடிந்ததும் அனுசுயா ஹெட்போனைக் கழற்றினாள்.

“நடுவுல குரலே இல்ல செல்வி. இந்தப் பாட்ட மட்டும் இன்னொரு தடவ எடுத்துரலாமா?”

வெற்றிச்செல்வி தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையாட்டினாள்.

“வுடு அனு, இருக்கட்டும். அவ உக்காந்தது நல்லாத்தான் இருக்கு” என்றாள் மணிமொழி.

மறுநாள் காலையில் அவள் குரல் அடியோடு போயிருந்தது. வாடிக்கையாளரைக் கூப்பிட முடியாத ஆளைப் புடவைப் பிரிவில் நிறுத்தி என்ன செய்வது? பரணிதரன் எரிச்சலோடு அவளைக் குடோனுக்கு அனுப்பினார். அங்கே விலைச்சீட்டுக் கட்டும் வேலை. பேச வேண்டியதில்லை. ஒரு ஸ்டூலும் இருந்தது.

அவள் உட்கார்ந்தாள். நாளெல்லாம் உட்கார்ந்தே சீட்டுக் கட்டினாள். சாயங்காலம் எழுந்தபோது கால் தன்னுடையது மாதிரியே இருந்தது.

அந்த வாரமே பதிவு இணையத்தில் வந்தது. நாலைந்து பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஒருவன், பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் லீலாவதி குடோனுக்கு வந்து, ஸ்டூல் பக்கத்தில் ஒரு துணிமூட்டைமேல் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து முழுசாகக் கேட்டாள்.

“காது கிழியுது புள்ள. இதுலயா நான் தூங்குனேன்?” என்று சிரித்தாள். பிறகு, “தொண்டை எப்ப சரியாவுமாம்?” என்றாள்.

குரல் முந்தாநாளே திரும்பியிருந்தது. வெற்றிச்செல்வி கதவுப் பக்கம் பார்த்தாள். யாருமில்லை.

“இன்னும் ரெண்டு நாள் ஆவும்க்கா” என்றாள் தெளிவாக.

லீலாவதி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, புளிச்சோற்றைப் பாதி அவள் பக்கம் தள்ளினாள்.

“மொள்ள பேசு. சார் மாடியிலதான் இருக்காரு.”